கிரபிக்ஸ் கார்ட் சூடானால் உடனே புதியது விற்கலாமா?

கேம் சென்டர் நடத்துபவர்களும் கணினி விற்பனை, திருத்த வேலை செய்பவர்களும் நமது சகோதரர்களிடையே கணிசமாக இருக்கிறார்கள். "கேம் ஓடும்போது திரை அப்படியே நின்றுவிடுகிறது, கணினி தானாக அணைகிறது" என்ற முறைப்பாடு அவர்களுக்குப் புதியதல்ல. பல கடைகளில் இதற்குக் கிடைக்கும் பதில், "கார்ட் போய்விட்டது, புதியது போட வேண்டும்" என்பதுதான். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது கார்ட் அல்ல. அதற்குக் காற்றுப் போகும் வழிதான்.

கார்ட் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3060 கார்ட் 170 வோட்ஸ் வரை இழுக்கும். 3080 கார்ட் 320 வோட்ஸ் வரை இழுக்கும். 3060 பூட்டிய பத்துக் கணினிகள் ஒன்றாக ஓடினால், கார்ட்களிலிருந்து மட்டும் 1,700 வோட்ஸ் வெப்பம் அறைக்குள் இறங்குகிறது. ஜன்னலை மூடி வைத்துவிட்டுக் கார்ட்டைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

முதலில் அளந்து பாருங்கள். ஜி.பி.யூ.-இசட் போன்ற இலவச மென்பொருளே போதும். கேம் ஓடும்போது 65 முதல் 85 பாகை செல்சியஸ் வரை இருப்பது வழமையானது. 90ஐத் தாண்டிச் சென்றால் கவனிக்க வேண்டும். அளவுக்கு மீறிச் சூடானால் கார்ட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். கேம் இழுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, கேஸிங்கின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு மீண்டும் அளவெடுங்கள். வெப்பநிலை நன்றாக இறங்கினால் குறை காற்றோட்டத்தில்தான். கேஸிங்கைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். முன்பக்கத்தால் காற்று உள்ளே வரவும் பின்பக்கத்தால் வெளியேறவும் பேன்களைப் பூட்டுங்கள்.

மூன்றாவது, தூசு. மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, மென்மையான தூரிகையாலும் புளோவராலும் சுத்தம் செய்யுங்கள். காற்று ஊதும்போது பேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பேனே பழுதாகலாம். கடலோர ஊர்களில் ஈரக்காற்றோடு தூசு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அங்கே இதை அடிக்கடி செய்ய வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் சூடு குறையாவிட்டால்தான் கார்ட்டைத் திறந்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்ற வேண்டும். தெர்மல் பேட் மாற்றுவதானால் பழையதன் தடிப்பிலேயே போடுங்கள். வொரண்டி உள்ள கார்ட்டைத் திறக்குமுன் அதன் நிபந்தனைகளைப் பாருங்கள். எம்.எஸ்.ஐ. ஆப்டர்பர்னர் மூலம் மின் எல்லையை 80 சதவீதமாகக் குறைத்தாலும் சூடு இறங்கும். வேகத்தில் ஏற்படும் இழப்பு பொதுவாகச் சிறியதே.

இனி வியாபாரத்துக்கு வருவோம். இந்த வேலைகளுக்கு நியாயமான கூலி எடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. வேலைக்கு முன்னும் பின்னும் இருந்த வெப்பநிலையை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர் அடுத்த முறையும் உங்களையே தேடி வருவார்.

பாவித்த கார்ட் விற்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் தனது முறையை மாற்றிக்கொண்டதும், அதை உருவாக்க இரவு பகலாக ஓடிய கார்ட்கள் பெருமளவில் உலகச் சந்தைக்கு வந்தன. வெளியே துடைத்துப் பளபளவென்று இருந்தாலும் உள்ளே பேன் தேய்ந்து பேஸ்ட் காய்ந்திருக்கலாம். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவம் நாம் அறிந்ததே. கார்ட்டின் சூடும் அந்த ஈரத்தைப் போன்றதுதான். வாங்குபவர் முன்னிலையில் அரை மணித்தியாலம் கேம் ஓட்டி, வெப்பநிலையைக் காட்டி, குறையிருந்தால் சொல்லி விற்றுவிடுங்கள். விலை சற்றுக் குறையலாம். பரக்கத் குறையாது, இன்ஷா அல்லாஹ்.