சிற்றுறையும் பெருவணிகமும்

காரைக்கால் கடற்கரையின் தென்பகுதியில், நாகூரை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் கீழவாஞ்சூர். ஒருபுறம் பெருங்கப்பல்கள் வந்து செல்லும் துறைமுகம். மறுபுறம் மீனவர் குடியிருப்புகள். இத்தகைய ஊர்களின் பெட்டிக்கடைகளில் சரஞ்சரமாகத் தொங்குபவை ஷாம்பு பாக்கெட்டுகள். ஒருமுறை பயன்படும் அளவைத் தாங்கிய இச்சிற்றுறை, வடிவமைப்பு வணிகத்துக்கு அளிக்கும் வலிமையை விளக்கும் சிறந்த சான்றாகும்.

வடிவமைப்பு என்பது யாது?

வடிவமைப்பு என்றவுடன் அழகிய எழுத்தும் கண்கவர் வண்ணமுமே பலர் நினைவுக்கு வரும். அவை அதன் ஒரு பகுதி மட்டுமே. ஒரு பொருளை யார் வாங்குவர், எவ்வளவு பணம் கொடுக்க அவரால் இயலும், எங்கு வைப்பார், எவ்வாறு திறப்பார் என்று முன்கூட்டியே எண்ணி, அதற்கேற்பப் பொருளை உருவாக்குவதே வடிவமைப்பு.

கடலூரில் பிறந்த எண்ணம்

ஷாம்பு புட்டிகளில் மட்டும் விற்கப்பட்ட காலத்தில், நாட்கூலி பெறுவோர்க்கு அது எட்டாப் பொருளாக இருந்தது. இந்நிலையை மாற்ற முனைந்த முன்னோடிகளுள் ஒருவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். கூலித் தொழிலாளரும் ரிக்‌ஷா ஓட்டுவோரும் வாங்கக்கூடியதாகப் பொருள் அமைய வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய மைந்தர்கள் ‘வெல்வெட்’ என்னும் பெயரில் ஷாம்புவைச் சிற்றுறையில் விற்றனர். அவர்களுள் ஒருவரான சி.கே. ரங்கநாதன், 1983ஆம் ஆண்டு 15,000 ரூபாய் முதலீட்டில் தனியே தொழில் தொடங்கினார். தந்தையின் பெயரைச் சுருக்கித் தம் ஷாம்புவுக்குச் ‘சிக்’ எனப் பெயரிட்டார். அந்நிறுவனமே பின்னாளில் கெவின்கேர் என வளர்ந்தது.

கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத், குறைந்த வருவாய் உடையோரையும் மதிப்புமிக்க நுகர்வோராகக் கருதும் வணிகத்தைப் பற்றி 2004இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். சிற்றுறை விற்பனையையும் அதில் எடுத்துக்காட்டினார்.

உறைக்குள் ஒளிந்த நுட்பம்

சிற்றுறை எளிய பொருளாகத் தோன்றினும், அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு வினாவுக்கு விடையாகும். ஈரக்கையால் எளிதில் கிழிப்பதற்காக ஓரத்தில் சிறு வெட்டு இடப்படுகிறது. கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுப்பதற்காக உறைகளுக்கு இடையே துளைக்கோடு அமைகிறது. சரமாகத் தொங்குவதால் சிறிய கடையிலும் இடம் மிச்சமாகிறது. எழுத்தறியாதவரும் வண்ணத்தையும் படத்தையும் கண்டே தாம் விரும்பும் பொருளை அறிந்துகொள்கின்றனர். உறையின் தாள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட பல படலங்களால் ஆனது. ஒரு படலம் அச்சைத் தாங்கும், மற்றொன்று ஈரமும் மணமும் வெளியேறாமல் காக்கும், உட்படலம் வெப்பத்தால் உருகி விளிம்பை மூடும்.

எண்ண மறந்த ஒன்று

இத்துணை நுட்பமாக அமைந்த உறை, பயன்பாட்டுக்குப் பின் என்னவாகும்? பல படலங்கள் ஒட்டியிருப்பதால் அவற்றைப் பிரித்து மறுசுழற்சி செய்தல் அரிது. மிகச் சிறியதாகையால் குப்பையிலிருந்து பொறுக்கி எடுப்பதும் பயன் தருவதில்லை. எனவே அது வாய்க்கால் வழியே கடலைச் சேர்கிறது. மீனவர் வலையிலும் சிக்குகிறது. உறையைக் கெடாமல் காக்கும் அதே நுட்பம், அதை அழியாக் குப்பையாகவும் ஆக்கிவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள், இத்தகைய கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்க்கும் உரியதாக்கின.

காலி உறைகளைத் திரும்பப் பெறுவதும் வணிகத்துக்குப் புதிதன்று. சிக் நிறுவனமே ஒரு காலத்தில், ஐந்து காலி உறைகளைக் கொடுப்போர்க்கு ஒரு புதிய உறையை இலவசமாக வழங்கியது. அன்று அது விற்பனையைப் பெருக்கும் உத்தி. இன்று அதுவே சூழலைக் காக்கும் வழியாகவும் மலரக்கூடும்.

ஏழைக்கு எட்டாதிருந்த பொருளை எட்டச் செய்தது நல்ல வடிவமைப்பு. கடற்கரையை மாசுபடுத்தாத உறையை உருவாக்குவது அதன் அடுத்த கடமை. வாங்குவோரின் கையோடு நின்றுவிடாமல், அக்கை எறிந்த பின்னும் பொருளைத் தொடர்ந்து எண்ணும் வடிவமைப்பாளரே வருங்கால வணிகத்துக்குத் தேவை.