இணையப் படிவம் ஏடாகும் முறை

முத்திரையும் கையொப்பமும் பெற்ற ஒரு காகிதத்திற்கு நம் மக்கள் அளிக்கும் மதிப்பு யாவரும் அறிந்ததே. கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் நிலமுடைய உழவர் ஒருவர் பட்டா நகல் பெற விரும்பின், முன்னாளில் அலுவலகத்திற்குப் பன்முறை நடத்தல் வேண்டும். இந்நாளிலோ தமிழ்நாட்டரசின் இணையத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் முதலியவற்றைக் குறித்த அளவில் நகல் திரையில் தோன்றுகின்றது. மாணவர் வேண்டும் வருமானச் சான்றிதழும் அவ்வாறே கணிப்பொறியின் வழியாகக் கைக்கு வருகின்றது. இத்தகைய ஏடுகளை ஒவ்வொன்றாய் அமர்ந்து தட்டச்சிடுதல் வேண்டுவதில்லை. எனின், அவை எங்ஙனம் உண்டாகின்றன? அதனைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வேலையில் இரு வடிவங்கள் பயன்படுகின்றன. ஒன்று எச்.டி.எம்.எல்.; இஃது 1989-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் வகுத்த வலைத் திட்டத்தினின்று தோன்றியது. மற்றொன்று பி.டி.எப்.; இஃது அடோபி நிறுவனத்தாரால் 1993-இல் வெளியிடப்பெற்று, 2008-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. முன்னது நீர் போல்வது. திரையின் அகலத்திற்கேற்பத் தன் வடிவை மாற்றிக்கொள்ளும். பின்னது கல்வெட்டுப் போல்வது. எங்கே திறப்பினும் எழுத்து நின்ற இடத்திலேயே நிற்கும். சான்றிதழுக்கு வேண்டுவது இந்நிலைபேறேயாம்.

முதற்கண், வார்ப்புரு ஒன்று எச்.டி.எம்.எல்.லில் எழுதப்படுகின்றது. பெயர், தந்தை பெயர், ஊர், நாள் என்னும் இடங்கள் அதில் வெற்றிடங்களாக விடப்படும். விண்ணப்பம் வந்தவுடன் சர்வர் என்னும் கணிப்பொறி, தரவுத்தளத்தினின்று உரிய செய்திகளை எடுத்து அவ்வெற்றிடங்களை நிரப்பும். பின்னர், மாற்றுங்கருவி ஒன்று அதனை 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமுமுள்ள ஏ4 தாளில் வரி வரியாக அமைத்துப் பி.டி.எப். ஆக்கித் தரும். 2017-ஆம் ஆண்டு முதல் குரோம் உலாவியையே திரையின்றி இயக்கி இதனைச் செய்விக்க இயலுகின்றது. வீஸிபிரிண்ட் என்னும் பைத்தான் கருவியும் இப்பணிக்கு உரியது. ஒருகாலத்தில் பலரும் கையாண்ட டபிள்யூ.கே.எச்.டி.எம்.எல்.டூபி.டி.எப். என்பதன் வளர்ச்சி 2023-இல் நிறுத்தப்பட்டது. ஆதலின் புதிதாகத் தொடங்குவோர் அதனை நாடாமை நலம்.

பக்கம் முறியும் இடத்தை அமைப்போர் நன்கு கவனித்தல் வேண்டும். நீண்ட அட்டவணையின் தலைப்பு ஒவ்வொரு பக்கத்தும் மீண்டும் வருமாறும், கையொப்பப் பகுதி மட்டும் தனித்து அடுத்த பக்கத்திற்கு ஓடாதவாறும் சி.எஸ்.எஸ். விதிகளால் கட்டளையிடலாம். மேலும், பயனர் எழுதியனுப்பும் சொற்களை அவ்வண்ணமே வார்ப்புருவில் இடுதல் தீதாகும். பெயருக்குரிய இடத்தில் ஒருவர் கட்டளைக் குறிகளை எழுதிவிடின், கருவி அவற்றைக் கட்டளையாகவே கொண்டு, சர்வரிலுள்ள பிற கோப்புக்களையும் வெளிப்படுத்தக்கூடும். ஆதலின் அக்குறிகளை வெறும் எழுத்தாக மாற்றிய பின்னரே இடுதல் வேண்டும்.

இனித் தமிழுக்கே உரிய இடர் ஒன்றுண்டு. சேந்தமங்கலம் என்னும் பெயரையே காண்க. நம் கண்ணுக்கு அஃது எட்டெழுத்து. யூனிகோடு முறையிலோ பன்னிரண்டு குறியெண்கள். 'சே' என்பதில் நாம் கொம்பை முன்னும் சகரத்தைப் பின்னும் எழுதுகின்றோம். கணிப்பொறியோ ஒலிமுறை பற்றிச் சகரத்தை முதலிலும் ஏகாரக் குறியைப் பின்னரும் சேமிக்கின்றது. சேமித்த முறையிலேயே வரையும் பழங்கருவி, கொம்பைச் சகரத்திற்குப் பின்னும் நகரத்திற்கு முன்னும் நிறுத்தும். படிப்போர் அதனை நகரத்தோடு கூட்டி வாசிப்பர், ஊர்ப்பெயரே கெடும்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரும் உடன் ஊழியரும் கண்ட தொல்லையும் இவ்வினத்ததே. ஹாலே நகரினின்று வார்த்தனுப்பிய தமிழெழுத்துக்கள் அளவிற் பெரியனவாய்க் காகிதத்தை மிகுதியாக விழுங்கின. அவர்கள் மனந்தளராது சிறிய எழுத்துக்களை இந்நாட்டிலேயே வார்த்து, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். அன்று அச்சுக்கோப்போன் தன் கையால் கொம்பை முன்வைத்தான். இன்று அவ்வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தமைப்புக் கருவி செய்கின்றது. குரோமும் வீஸிபிரிண்டும் இதனைத் துணைக்கொள்வன. ஆதலின் அவற்றில் கொம்பு இடம் பிறழ்வதில்லை.

எனினும், சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லையாயின் எழுத்துக்கு மாறாக வெறுங்கட்டங்களே தோன்றும். தன் கணிப்பொறியில் நன்றாகத் தெரிந்ததென்று அமைப்போன் மகிழ்ந்திருப்பான். சர்வரில் ஆக்கிய ஏடோ கட்டங்களாய் நிற்கும். ஆதலின் எழுத்துருவைச் சர்வரில் நிறுவி, ஏட்டினுள்ளும் பதித்து அனுப்புதல் வேண்டும். அங்ஙனம் செய்த பின்னரும், ஏட்டிலுள்ள ஊர்ப்பெயரை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தல் நன்று. கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் எழுத்து, நகலில் சிதைந்து வருதலும் உண்டு. அத்தகைய ஏட்டில் சொல்லைத் தேடிக் காணுதலும், கண்பார்வையற்றோர் கருவியின் துணையால் வாசித்தறிதலும் அரிதாம்.

ஒருவன் பெயரிலும் ஊரிலும் ஓரெழுத்துப் பிறழினும், அவன் கல்லூரியிற் சேர்தலும் உதவித்தொகை பெறுதலும் தடைப்படக்கூடும். கணிதமும் கணிப்பொறியும் பயிலும் நம் மாணவர், நிரல் எழுதி முடித்தவுடன் ஆங்கிலப் பெயரொன்றை இட்டுப் பார்த்து அமையாது, 'கொ', 'சே', 'மௌ' என்னும் எழுத்துக்கள் வரும் தமிழ்ப் பெயர்களையும் இட்டுச் சோதித்தல் வேண்டும். அச்சுக்கூடத்தில் பிழைதிருத்துவோருக்கு இருந்த பொறுப்பு இன்று அவர் கைக்கு வந்துள்ளது என்பதை மறவாதிருப்பாராக.