மக்களைத் தேடிச் செல்லும் இசைக்குழு

சிம்பொனி இசை நிகழ்ச்சி என்றதும் பெரிய அரங்கமும் கறுப்பு உடை அணிந்த கலைஞர்களும் பலருடைய நினைவுக்கு வருவார்கள். பார்வையாளர்கள் அசையாமல் அமர்ந்து கேட்பார்கள். இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்கள். நுழைவுச்சீட்டு வாங்க வசதி இல்லாதவர்களும், முதியோர் இல்லங்களில் இருப்பவர்களும், நீண்ட நேரம் அமைதியாக உட்கார இயலாத சிறு பிள்ளைகளும் இந்த இசையை எங்கே கேட்பது? ஹங்கேரியின் தலைநகரில் இயங்கும் ‘புடாபெஸ்ட் விழா இசைக்குழு’ இக்கேள்விக்குத் தன் செயல்களால் விடை அளித்து வருகிறது.

சிம்பொனி இசைக்குழு என்பது ஏறத்தாழ நூறு பேர் வரை சேர்ந்து இசைக்கும் பெரிய குழுவாகும். வயலின், செல்லோ போன்ற நரம்புக் கருவிகளும் புல்லாங்குழல், டிரம்பெட் போன்ற காற்றுக் கருவிகளும் முரசு போன்ற தாளக் கருவிகளும் அதில் இடம்பெறும். இத்தனை பேரையும் இசை நடத்துநர் தம் கையசைவால் வழிநடத்துவார். ஊர் கூடித் தேர் இழுப்பதைப் போன்றது இந்தப் பணி. ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் இசை சிதைந்துவிடும்.

இந்த இசைக்குழுவை 1983ஆம் ஆண்டு இசை நடத்துநர் இவான் ஃபிஷரும் பியானோ கலைஞர் ஸோல்டான் கோச்சிஷும் இணைந்து தொடங்கினர். லிஸ்ட், பார்டோக், கோடாய் போன்ற புகழ்பெற்ற இசையமைப்பாளர்களை உலகுக்குத் தந்த நாடு ஹங்கேரி. அங்கு ஏற்கெனவே பல இசைக்குழுக்கள் இருந்தன. அப்படியிருந்தும் புதிய குழு எதற்கு? ஒரே வேலையை நாள்தோறும் செய்யும்போது கலைஞர்களின் ஆர்வம் குன்றிவிடும், இசை வெறும் கடமையாகிவிடும் என்பது ஃபிஷரின் கவலை. எனவே தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில நிகழ்ச்சிகளை மட்டுமே நடத்தினர். ஒவ்வொன்றுக்கும் மிகக் கவனமாகப் பயிற்சி செய்தனர். நிகழ்ச்சிகளுக்கு நல்ல வரவேற்புக் கிடைத்தது. 1992ஆம் ஆண்டில், புடாபெஸ்ட் மாநகரத்தின் ஆதரவுடன் அது நிரந்தரக் குழுவாக மாறியது.

இக்குழுவில் ஒவ்வோர் இசைஞரின் தனித்திறனுக்கும் மதிப்பு உண்டு. உறுப்பினர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்தும் நிகழ்ச்சி படைக்கின்றனர். நான்கைந்து பேர் மட்டும் இசைக்கும்போது ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ள முடியாது. பிறர் வாசிப்பதைக் கூர்ந்து கேட்டே ஆகவேண்டும். அந்தப் பழக்கம் பெரிய மேடையிலும் பயன் தருகிறது. சில நிகழ்ச்சிகளின் முடிவில் இசைஞர்கள் கருவிகளை வைத்துவிட்டு எழுந்து நின்று, பாடகர் குழுவாக மாறிப் பாடுவதும் உண்டு. கருவியைத் தொடும் முன்பே பிள்ளைகள் பாடப் பழக வேண்டும் என்று வலியுறுத்திய கோடாயின் நாட்டில் இது பொருத்தமான வழக்கமே.

சிறுவர்களுக்காக இக்குழு ‘கொக்கோ நிகழ்ச்சி’களை நடத்துகிறது. ஃபிஷர் இசையைப் பற்றிப் பிள்ளைகளுடன் எளிமையாக உரையாடுவார். அவர்களுக்குக் கொக்கோ பானமும் வழங்கப்படும். ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளுக்கும் தனி நிகழ்ச்சிகள் உண்டு. அங்கு அவர்கள் எழுந்து நடந்தாலும் குரல் எழுப்பினாலும் எவரும் முகம் சுளிப்பதில்லை. இளையர்களுக்காக நள்ளிரவை ஒட்டி நடைபெறும் நிகழ்ச்சிகளில் பார்வையாளர்கள் மெத்தை இருக்கைகளில் சாய்ந்தபடி, இசைஞர்களுக்கு நடுவிலேயே அமர்ந்து கேட்கலாம்.

அரங்கத்திற்கு வர இயலாதவர்களைத் தேடி இசைஞர்களே செல்வதும் உண்டு. பள்ளிகள், முதியோர் இல்லங்கள், தேவாலயங்கள் முதலிய இடங்களில் அவர்கள் கட்டணமின்றி இசைக்கின்றனர். இவற்றுள் மனத்தை உருக்குபவை, கைவிடப்பட்ட யூத வழிபாட்டு இல்லங்களில் நடைபெறும் நிகழ்ச்சிகளாகும். இரண்டாம் உலகப் போரின்போது ஹங்கேரியைச் சேர்ந்த 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் உயிரிழந்தனர். பல சிற்றூர்களில் வழிபாட்டு இல்லங்கள் மட்டுமே எஞ்சின. அங்கு வழிபட ஆளில்லை. பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த அத்தகைய கட்டடங்களில் இசைக்குழு நிகழ்ச்சி படைக்கிறது. அந்த இல்லத்தின் வரலாற்றையும் அங்கு வாழ்ந்த மக்களைப் பற்றியும் யூத சமயகுரு ஒருவர் ஊர்மக்களுக்கு எடுத்துரைக்கிறார். தாம் நாள்தோறும் கடந்து செல்லும் கட்டடத்தின் கதையை அவர்கள் இசையோடு சேர்த்து அறிந்துகொள்கின்றனர்.

புடாபெஸ்டின் மாவீரர் சதுக்கத்தில் நடைபெறும் நடன விழாவும் குறிப்பிடத்தக்கது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து, வசதி குறைந்த பள்ளிகளில் பயிலும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அதில் பங்கேற்கின்றனர். ஹங்கேரியில் நீண்டகாலமாக ஒதுக்கப்பட்டுவரும் ரோமா இனப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒன்றாகப் பல மாதங்கள் பயிற்சி செய்து, இசைக்குழுவின் இசைக்கு ஏற்ப ஆடுகின்றனர். ஒரே நடனத்தை ஆட வேண்டுமானால் அருகிலிருப்பவரின் கையைப் பிடித்துத்தான் ஆகவேண்டும். மேடைப் பேச்சு ஏற்படுத்தாத நெருக்கத்தை அந்தப் பயிற்சி ஏற்படுத்திவிடுகிறது.

2020ஆம் ஆண்டு கொவிட்-19 நோய்த்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டன. அப்போதும் இக்குழு சோர்ந்துவிடவில்லை. இசைஞர்கள் சிறு குழுக்களாக இசைத்த மாலை நேர நிகழ்ச்சிகளை இணையம்வழி ஒளிபரப்பியது. வீட்டுக்குள் அடைந்திருந்த மக்களுக்கு அவை ஆறுதல் அளித்தன.

எளிய மக்களிடம் கொண்டுசென்றால் கலையின் தரம் தாழ்ந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. அந்த எண்ணம் தவறு என்பதற்கு இக்குழுவே சான்று. 2022ஆம் ஆண்டில், பிரிட்டனின் ‘கிராமஃபோன்’ இசை இதழ் இதற்கு ஆண்டின் சிறந்த இசைக்குழு என்ற விருதை வழங்கியது. முதியோர் இல்லத்தில் பத்துப் பேருக்காக வாசித்தாலும் பெரிய அரங்கில் ஆயிரம் பேருக்காக வாசித்தாலும், கலைஞர்கள் அதே வயலினை அதே அக்கறையோடுதான் மீட்டுகிறார்கள். யாருக்காக இசைக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தங்கள் உழைப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர்களிடம் இல்லை.