தூக்குச் சட்டி எங்கே போச்சு? திருப்பாப்புலியூரில் தீபாவளிப் பலகாரம் படும் பாடு!

கடலூர்,

தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் கால் வைக்க இடம் இல்லை. ஜவுளிக் கடையில் கூட்டம். நகைக் கடையில் கூட்டம். ஸ்வீட் கடை வாசலிலோ அட்டைப் பெட்டிகள் மலை போலக் குவிந்து கிடக்கின்றன. அரைக் கிலோ, ஒரு கிலோ. மேலே பளபளக்கும் காகிதம், அதன் மேல் ரிப்பன்.

இத்தனையும் வாங்குகிறவர் தின்பதற்கு அல்ல. கொடுப்பதற்கு!

அங்கிருந்து பாடலீஸ்வரர் கோவில் பக்கம் நடந்து, ஒரு சின்னத் தெருவுக்குள் நுழைந்தால் வேறு வாசனை. வெல்லப் பாகு காய்கிற வாசனை. ஏலக்காய், சுக்கு வாசனை. யாரோ ஒரு வீட்டில் அதிரசத்துக்கு மாவு கிளறுகிறார்கள். ஒரு காலத்தில் தெரு முழுக்க அடித்த வாசனை இது. இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது.

அட்டைப் பெட்டி ஜெயித்துவிட்டதா? எவர்சில்வர் தூக்குச் சட்டி தோற்றுப் போச்சா? விவரம் வருமாறு:-

பேர் வெட்டிய பாத்திரம்

தீபாவளி அன்று காலை எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பட்டாசு எல்லாம் முடிந்ததும் தெருவில் ஒரு போக்குவரத்து ஆரம்பிக்கும். பொடியன்கள் கையில் தட்டு. அதில் நாலு அதிரசம், ஒரு பிடி முறுக்கு, ரெண்டு சோமாசி, ரவா உருண்டை. மேலே ஒரு துணி. "அத்தை, அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க!" அவ்வளவுதான் பேச்சு.

வாங்கிய வீட்டில் தட்டை உடனே கழுவிக் கொடுத்துவிட மாட்டார்கள். வெறும் தட்டைத் திருப்பி அனுப்பக்கூடாது. தங்கள் வீட்டுப் பலகாரத்தை வைத்து அனுப்புவார்கள். எதுவும் இல்லையா? ஒரு பிடி சர்க்கரையாவது போடுவார்கள். சில வீட்டுப் பாட்டிகள் தீபாவளி லேகியத்தையும் ஒரு கிண்ணத்தில் கொடுத்து அனுப்புவார்கள். இஞ்சி, ஓமம், திப்பிலி, மிளகு, வெல்லம், நெய் போட்டுக் கிண்டியது. இனிப்பைத் தின்ன வயிற்றுக்கு மருந்தையும் கூடவே அனுப்பிவிடுகிற சாமர்த்தியம்!

பத்து வீட்டுப் பாத்திரம் பத்து வீட்டுக்குப் போனால் எது யாருடையது? அதற்குத்தான் பேர் வெட்டுவது. பாத்திரக் கடையில் மெஷின் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்திக் கொடுப்பார்கள். வீட்டுக்காரர் பேர், இனிஷியல், சில சமயம் கல்யாணத் தேதி கூட. அந்தப் பேர் இருக்கிற வரை பாத்திரம் தொலையாது. நாலு தெரு சுற்றினாலும் வீடு வந்து சேரும்.

அதிரசம் லேசுப்பட்ட வேலை அல்ல. பச்சரிசியை ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப் பதம் போகுமுன் இடிக்க வேண்டும். பாகு ஒரு நிமிஷம் முந்தினால் எண்ணெயில் பிரிந்து போகும், பிந்தினால் கல். கிளறிய மாவை ரெண்டு நாள் ஊற விட்டு, அப்புறம் அடுப்பைத் தணித்துச் சுட வேண்டும். ஒரு வாரம் இடுப்பு ஒடிய இந்த வேலையைச் செய்தது பெண்கள். பேர் வாங்கியது வீடு. எட்டு மணி நேரம் ஆபீசில் உட்கார்ந்துவிட்டு பஸ் பிடித்து வருகிற பெண்ணைப் பார்த்து, "ஏம்மா, நீ அதிரசம் சுடவில்லையா?" என்று கேட்பது நியாயமா? இந்த நிருபர் கேட்க மாட்டார்.

எண்ணெய்ச் சட்டி ஏறாத வீடு

ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிற வரை பண்டிகை இல்லை. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்யும்? அக்கம்பக்கம்தான் கொண்டு போய்க் கொடுக்கும். சுற்றி நாலு வீட்டில் பலகாரம் சுட்டால் துக்க வீட்டுக்கு நாலு தட்டு போகும். அங்கிருந்து தட்டு வெறுமையாக வந்தால் யாரும் கணக்குப் பார்ப்பது கிடையாது.

2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். தேவனாம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அடுத்த தீபாவளிக்கு எத்தனை அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறியிருக்கும்? வாசகர்களே நினைத்துப் பாருங்கள்.

ரிப்பன் கட்டிய பெட்டி துக்க வீட்டுக்குப் போகிறதா? போவது குறைவு. அது போகிற இடமே வேறு!

பெட்டிக்குள் என்ன?

தீபாவளி நெருங்கினால் லஞ்ச ஒழிப்புப் போலீசார் அரசு அலுவலகங்களில் திடீர்ச் சோதனை நடத்துவார்கள். வருஷம் தவறாமல் வருகிற செய்தி. கணக்கில் வராத ரொக்கம், கூடவே ஸ்வீட் பாக்ஸ், பட்டாசுப் பார்சல் சிக்கும். மேஜைக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் என்று தேடி எடுப்பார்கள்.

இதுவரை எந்த ரெய்டிலும் தூக்குச் சட்டி அதிரசம் சிக்கியதாக நாம் எழுதியதில்லை. எண்ணெய் வடிகிற அதிரசத்துக்கு நடுவில் எவன் கவர் வைப்பான்?

குடிக்கிற பரிசு தனிக் கதை. புதுச்சேரி எல்லை கூப்பிடு தூரம். பண்டிகைக்கு "பாண்டி சரக்கு" கேட்கிற சிநேகிதர்களுக்காக அங்கிருந்து வாங்கி வந்து, ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் விழிக்கிறவர்கள் உண்டு. "பரிசு சார், விக்கிறதுக்கு இல்ல சார்" என்றால் போலீஸ் விடுமா?

"ஹோம் மேட்" ஜாக்கிரதை

இப்போது நடுவில் புதுசாக ஒரு வழி வந்திருக்கிறது. சுடத் தெரிந்த பெண்கள் வீட்டிலேயே ஆர்டர் எடுக்கிறார்கள். வாட்ஸ்-அப்பில் படம் போகிறது. அதிரசம் கிலோக் கணக்கில் போகிறது. வாங்குகிறவர் அதைத் தன் தட்டில் வைத்துக் கொடுக்கிறார். கைப்பக்குவத்துக்குக் காசு கிடைக்கிறது. நல்லதுதானே!

ஆனால் காசு வாங்கி விற்றால் சட்டம் வரும். 2006-ல் நிறைவேறிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5-ம் தேதி அமலுக்கு வந்தது. அந்த ஆண்டு வந்த விதிகளின்படி, வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்கிற சிறு தயாரிப்பாளர்களும் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு வைத்த கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். ஒரு கிலோ முறுக்கு விலை கூட இல்லை. பதிவு செய்தால் 14 இலக்க எண் கிடைக்கும். பாக்கெட்டில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்குச் சும்மா கொடுக்கிற நாலு அதிரசத்துக்கு இதெல்லாம் வேண்டாம், பயப்படாதீர்கள்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது எண்ணெய். காய்ந்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கேடு செய்கிற பொருள்கள் சேர்கின்றன. போலார் சேர்மங்கள் என்று பேர். அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை உபயோகிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் விதி. சோதிக்க நம்மிடம் மீட்டர் இல்லை. ஆனால் மூக்கு இருக்கிறது. முறுக்கை மோந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் தள்ளி வையுங்கள். கடைத் தட்டில் வைத்து விற்கிற ஸ்வீட்டுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். இது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். எழுதாத கடையில் வாய் திறந்து கேளுங்கள் சார்!

மழையில் வந்த களி

கொடுப்பதற்குப் பெரிய பலகாரம்தான் வேண்டும் என்பது இல்லை. பக்கத்தில் சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரைக்குக் களி செய்கிறார்களே, அதற்குச் சொல்கிற கதை என்ன? சேந்தனார் விறகு விற்றுப் பிழைத்தவர். தினமும் ஒரு அடியாருக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். ஒரு நாள் அடைமழை. விறகு நனைந்து போச்சு, விற்கவில்லை. வீட்டில் இருந்த மாவில் களி கிண்டினார்கள். அடியாராக வந்து அதைச் சாப்பிட்டவர் நடராஜரே என்றும், மறுநாள் சன்னதியில் களி சிதறிக் கிடந்தது என்றும் சொல்வார்கள்.

மழை என்றதும் இந்த நிருபருக்கு ஒரு தீபாவளி ஞாபகம் வருகிறது.

2015 நவம்பர் 10-ம் தேதி தீபாவளி. முதல் நாள் 9-ம் தேதி ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலூர் மாவட்டத்தில் பேய் மழை. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தை வெள்ளம் அடித்ததும், பல உயிர்கள் போனதும் அப்போதுதான்.

அப்போது எனக்குப் பள்ளிக்கூட வயசு. 9-ம் தேதி சாயங்காலம் எதிர் வீட்டு அக்கா குடையோடு ஓடி வந்தார். கையில் தூக்குச் சட்டி. "மழை வலுக்குது. காலையில வர முடியுமோ முடியாதோ, இப்பவே வாங்கிக்கங்க" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ராத்திரி கரண்ட் போச்சு. தெருத் தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்தது. எங்கள் வீட்டு மாவு நனைந்து போச்சு. காலையில் அடுப்பு பற்ற வைக்க வழி இல்லை. கட்டில் மேல் உட்கார்ந்து நாங்கள் தின்றது அந்தத் தூக்கில் இருந்த அதிரசமும் முறுக்கும்தான். பட்டாசுச் சத்தமே இல்லாத தீபாவளி!

தண்ணீர் வடிந்த பிறகு எதிர் வீட்டுக்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று யாரும் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தூக்கு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதில் வெட்டியிருப்பது அவர்கள் வீட்டுப் பேர். அம்மா அதை வேறு எதற்கும் எடுப்பதில்லை. வெறும் பாத்திரமாக வைக்கக் கூடாது என்று உள்ளே ஒரு பிடி சர்க்கரை போட்டு மூடி, பரண் மேல் வைத்திருக்கிறார். வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் இறக்கித் துலக்கி, பழைய சர்க்கரையைக் கொட்டிவிட்டுப் புதுசு போடுகிறார்.

இந்த வருஷமும் நேற்று இறக்கினார்.