வகுப்பில் எத்தனை பேர்?

பள்ளிச் சேர்க்கைக் காலம் வந்தால் பெற்றோர் கட்டணத்தை விசாரிக்கிறார்கள்; தேர்ச்சி விகிதத்தை விசாரிக்கிறார்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்போர் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அது.

கணக்கு எளியது. 40 நிமிடப் பாடவேளையில் 60 பிள்ளைகள் இருந்தால், ஆசிரியர் வேறெதுவும் செய்யாவிட்டாலும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 40 விநாடி. இருபது பேர் என்றால் இரண்டு நிமிடம். கூட்டல் கணக்கில் பிள்ளை எந்த இடத்தில் தவறுகிறது என்பதைக் கண்டறிய இரண்டு நிமிடம் போதும். 40 விநாடி போதாது.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என வரையறுத்திருக்கிறது. இவ்விகிதம் ஒவ்வொரு பள்ளியிலும் பேணப்பட வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். நாமோ சராசரியைச் சொல்லி நிறைவடைகிறோம். ஒரு பள்ளியில் 10 குழந்தைகள், இரண்டு ஆசிரியர்கள்; மற்றொன்றில் 100 குழந்தைகள், இரண்டு ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஓர் ஆசிரியருக்கு 28 பேர்கூட இல்லை. சட்டம் நிறைவேறியதாகத் தோன்றும். ஆனால், 110 குழந்தைகளில் 100 பேர் ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள்.

சிறிய வகுப்பால் பயன் உண்டா என்பதை அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 1985 முதல் 1989 வரை சோதித்துப் பார்த்தது. ஏறத்தாழ 80 பள்ளிகளில் மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை, குழந்தைகள் குலுக்கல் போன்ற முறையில் பிரிக்கப்பட்டனர். 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்பில் பயின்றோர், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்பில் பயின்றோரைவிட வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னேறினர். கறுப்பினக் குழந்தைகளும் ஏழைக் குழந்தைகளும் கூடுதல் பயன் பெற்றனர். பெரிய வகுப்பில் உதவியாளர் ஒருவரைச் சேர்த்ததால் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை.

இதைக் கண்டு 1996-இல் கலிபோர்னியா தொடக்க வகுப்புகளை ஏறத்தாழ முப்பதிலிருந்து இருபதாகக் குறைத்தது. அவசரத்தில் முழுத் தகுதி பெறாத பலர் ஆசிரியர்களாயினர். ஏழைப் பகுதிப் பள்ளிகளே இதனால் அதிகம் பாதிக்கப்பட்டன.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் மும்பை, வடோதரா நகரப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடத்தினர். பின்தங்கிய குழந்தைகளைத் தனியே அழைத்து, உள்ளூர் இளம்பெண்கள் அடிப்படைப் பாடங்களைக் கற்பித்தனர். அக்குழந்தைகள் முன்னேறினர். வகுப்பிலேயே தங்கியவர்களுக்கும் கூட்டம் குறைந்தது. ஆனால், அவர்களது கற்றலில் மாற்றம் தென்படவில்லை. ஆசிரியர் பழைய முறையிலேயே கற்பித்தால் எண்ணிக்கை குறைந்து என்ன பயன்?

இதை என் அனுபவத்திலும் கண்டேன். கல்லூரியில் இளங்கலை வகுப்பில் 70 பேர். முதுகலையில் 18 பேர். இரு வகுப்புகளிலும் பல ஆண்டுகள் ஒரே விதமாகக் குறிப்புகளைச் சொல்லி எழுத வைத்தேன். பின்னர் முதுகலை மாணவர்களிடம் வாரம் ஒரு பக்கக் கட்டுரை வாங்கித் திருத்தத் தொடங்கியபோதுதான், தேவைக்கும் தேவையளவுக்கும் உள்ள வேறுபாடு பாதிப் பேருக்குப் புரியவில்லை என்பது தெரிந்தது. 18 தாள்களைத் திருத்த முடிந்தது. எழுபதாக இருந்திருந்தால் நான் முயன்றிருக்கவே மாட்டேன். சிறிய வகுப்பு வாய்ப்பை மட்டுமே தருகிறது. அதைப் பயன்படுத்த வேண்டியவர் ஆசிரியர்.

தமிழகத்தில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்க வகை செய்தது. நல்ல முறை இது. ஆனால், ஐம்பது பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து ஒருவரே கவனிப்பது எளிதன்று.

நிதி அளவானது என்பதைப் பொருளியல் பயின்ற நான் அறிவேன். எல்லா வகுப்புகளையும் ஒரே ஆண்டில் சிறிதாக்க இயலாது. எனவே, முதல் மூன்று வகுப்புகளுக்கு, அதிலும் ஏழைக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளுக்கு, முன்னுரிமை அளிக்க வேண்டும். அங்கு தகுதியும் பயிற்சியும் பெற்ற ஆசிரியர்களையே நியமிக்க வேண்டும். மாவட்டச் சராசரியை விடுத்து, வகுப்பு வாரியான எண்ணிக்கையை ஒவ்வொரு பள்ளியின் வாயிலிலும் எழுதி வைக்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாமல் நான்காம் வகுப்பை அடையும் குழந்தைக்குப் பிற்காலத்தில் நாம் செய்யும் செலவு, இன்று ஓர் ஆசிரியருக்குத் தரும் ஊதியத்தைவிட மிகுதி.