வேப்பமரத்தடி பஞ்சாயத்து

உங்கள் வகுப்பில் கடைசியாக நடந்த சண்டை எதற்காக? பேனாவுக்கா, பெஞ்சில் இடத்துக்கா? சண்டை போட்டவர்களை ஆசிரியர் என்ன செய்தார்?

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகை, திருத்தணிக்குப் பக்கம். ஆந்திர எல்லை அதிக தூரமில்லை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளும் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் இங்கே ஒரே வகுப்பில் படிப்பார்கள். 1990-களில் என் ஏழாம் வகுப்பில் இரண்டு பையன்கள் ஒரு காம்பஸுக்காகக் கட்டிப் புரண்டார்கள். நான் விசாரிக்கவே இல்லை. ஆளுக்கு இரண்டு அடி கொடுத்தேன். (அடிக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அன்று பிரம்பு இல்லாத வாத்தியாரைப் பார்ப்பதே அபூர்வம்!) சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் மறுபடி சண்டை. ஒருவனுக்கு நெற்றியில் காயம்.

இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் இருவரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து ஒரே ஒரு விதி போட்டேன். ஒருவன் பேசும்போது மற்றவன் குறுக்கே பேசக்கூடாது. பேசி முடித்ததும், கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமா, அதான் சொன்னேன்" என்று முதலாமவன் ஒப்புக்கொண்ட பிறகுதான் இவன் முறை.

கேட்க எளிது. மூன்று தடவை தப்பாகவே திருப்பிச் சொன்னான்! நான்காவது தடவைதான் விஷயம் வெளியே வந்தது. இரவல் வாங்கிய காம்பஸை வீட்டில் தங்கை உடைத்துவிட்டாள். சொல்லப் பயந்து மறைத்திருக்கிறான். கொடுத்தவன் கோபத்தில், அவன் வீட்டில் பேசும் மொழியை வைத்துக் கேலியாக ஒரு சொல் சொல்லிவிட்டான். அடிதடி அந்தச் சொல்லுக்காக. காம்பஸுக்காக இல்லை.

அந்த வாரமே சமூக அறிவியல் வகுப்பில் நம் ஊர்க் கதையைச் சொன்னேன். 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது திருத்தணி அங்கே போனது. ம.பொ.சி. முன்னின்று போராடினார். பிறகு படாஸ்கர் என்பவர் இரு மாநிலத்துக்கும் நடுவராக இருந்தார். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி நம் பக்கம் வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் ஆந்திராவுக்குப் போயின. "அந்த ஊர்க்காரங்களுக்கு வருத்தமா இருந்திருக்குமே சார்?" என்று கேட்டான், கேலி செய்த அதே பையன்.

இப்படிச் சொல்லித் தருவதற்கு 'அமைதிக் கல்வி' என்று பெயர். 2005-ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டம் இதை வலியுறுத்தியது. தனிப் பாடமாக இல்லாமல், எல்லாப் பாடத்திலும் கலந்து வர வேண்டும் என்பது எண்ணம். யுனெஸ்கோ தொடங்கியதும் இதே நோக்கத்தில்தான்: போர் மனித மனத்தில் முளைக்கிறது, ஆகவே அமைதியையும் அங்கேதான் கட்ட வேண்டும். அந்த யுனெஸ்கோவில் 1946 முதல் 1952 வரை இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தவர் யார் தெரியுமா? தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட நம் திருத்தணிக்காரர் டாக்டர் ராதாகிருஷ்ணன்!

அந்த இருவரும் உயிர் நண்பர்கள் ஆகிவிடவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து, மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் இரண்டு சிறுமிகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள். நடுவில் நெற்றித் தழும்போடு என் மாணவன், "முதல்ல அவ சொன்னதை நீ சொல்லு" என்று அதட்டிக்கொண்டிருந்தான்.