உங்களுக்குத் தெரியுமா? நஞ்சை வேரிலேயே மடக்கும் செடிகள்

திருத்தணியிலிருந்து தென்மேற்கே சோளிங்கர், வாலாஜா தாண்டினால் ராணிப்பேட்டை. அங்கே 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று, 2 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை அப்படியே விட்டுச் சென்றது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் கசியும். அந்த மஞ்சள் நிறம் குரோமியம்-6 என்னும் கொடிய நஞ்சினுடையது.

அத்தகைய மண்ணில் முளைக்கும் செடிக்கு என்ன ஆகும்? குரோமியம்-6 அடங்கிய குரோமேட்டின் வடிவம், செடி உணவாக எடுத்துக்கொள்ளும் சல்பேட்டை ஒத்திருக்கும். ஆள்மாறாட்டக்காரனைப் போல, சல்பேட்டுக்கான வாசல் வழியாகவே அது வேருக்குள் நுழைந்துவிடுகிறது. வேர் குட்டையாகிப் பழுப்பேறும். இரும்புச்சத்து சரிவர ஏறாமல் இளந்தளிர்கள் வெளுக்கும். நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரியும்.

செடியும் சும்மா இருப்பதில்லை. உள்ளே வந்த குரோமியம்-6ஐ நச்சு குறைந்த குரோமியம்-3ஆக மாற்றி, பெரும்பகுதியை வேரிலேயே அடைத்துவைக்கிறது. இலைக்கும் விதைக்கும் போவது கொஞ்சம்தான். காட்மியம் என்றால் உத்தி வேறு: ஃபைட்டோகெலாட்டின் என்ற சிறு மூலக்கூறுகளைத் தயாரித்து, உலோகத்தைப் பிடித்துக் கட்டி, செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் பூட்டிவிடும்.

உலோகத்தை வாரிச் சேர்க்கும் தாவரங்களும் உண்டு. நியூ கலிடோனியா தீவின் ஒரு மரத்தில் வடியும் பால் நீலப்பச்சை நிறம். உலர்த்தி எடைபோட்டால் ஏறத்தாழ கால் பங்கு நிக்கல்!

எனவே, ஆலைக்கழிவு கலந்த நிலத்தில் செடிகொடி தழைத்திருந்தாலும் மண் தேறிவிட்டதென்று நம்பிவிடாதீர்கள். அங்கே கீரை பறிக்க வேண்டாம். ஆடுமாடுகளையும் மேயவிட வேண்டாம்.